எதிரில் இன்னொரு ஷோரூம்

என்னங்க,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட. அவங்ககிட்ட மீதியை உளறிடாதீங்க, பாதிக் கதையை நானே சொல்லிட்டேன்.

நான் ஓட்டுற காரை நேத்து மறுபடியும் வித்துட்டீங்க. "ஷோரூம் வாசல்ல நின்னா அதுவும் சரக்குதானே"ன்னு சமாதானம் வேற! பின்சீட்ல உங்கம்மா தூங்கிட்டு இருந்தாங்க. வாங்கினவரே அவங்களைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போனார், பாவம்.

உங்க குடும்பத்துல கோவிச்சுக்கிட்டா எதிர்ல ஷோரூம் திறப்பாங்க. முன்சீட் கிடைக்கலன்னு உங்க சித்தப்பா ஒண்ணு, காபி ஆறிப்போச்சுன்னு உங்க தம்பி ஒண்ணு. வியாபாரம் வளருதுன்னு ஊரே மெச்சுது. நானும் இடம் பார்க்கப் போறேன்.

பி.கு: உங்கம்மாவும் என்கூடத்தான். கல்லாவில அவங்கதானாம்.

இன்னொண்ணு: என் ஷோரூம்ல முதல் வண்டியை நீங்களே வந்து வாங்கி, சாவியை என் கையில கொடுங்க. கோவம் தீர்ந்துடும். அதையும் வித்துடாதீங்க.