இனம்: முடிச்சூர்

நம் நாய் சுக்குவின் தடுப்பூசிப் புத்தகத்தை இன்று காலை பீரோவிலிருந்து எடுத்தேன். இன்னமும் டெட்டால் வாடை. முதல் பக்கத்தில், இனம் என்ற இடத்தில் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிய 'இந்தியன் பரையா'வைத் தாள் கிழியும்படி அடித்துவிட்டு, பக்கத்தில் 'முடிச்சூர்' என்று எழுதியிருக்கிறாய். நீ இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. உன் கோபம் மட்டும் ஆறியபாடில்லை.

நம் முடிச்சூரில் வெள்ளம் வடிந்த வாரம் அது. நம் அபார்ட்மெண்ட் மாடிப்படியில் ஒதுங்கிய நாய்க்குட்டியை நாம் இருவரும்தான் ஆட்டோவில் தாம்பரம் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். எதிரெதிர் வீடு, இரண்டு வீட்டுக்கும் ஒரே நாய். அவர் எழுதியதை நீ அடித்ததைப் பார்த்து டாக்டர் சிரித்தார். "அது இங்கிலீஷ் வார்த்தை மேடம். தெருநாய்னா புக்ல அப்படித்தான் போட்டிருக்கும்."

"இங்கிலீஷ் இல்ல டாக்டர், இங்கேருந்து போனது. பறை அடிச்சவங்க பேரு. எங்க ஜாதிப் பேரு. வெள்ளைக்காரன் எடுத்துட்டுப் போய், யாரை ஒதுக்கி வச்சாலும் அந்தப் பேரைச் சொன்னான். நாய்க்கும் வச்சான்." அதோடு நிறுத்தினால் அது நீயா? "ஒதுக்கறதுக்கு அவனுக்குக் கத்துக்குடுத்தது யாரு? இந்த ஊர்க்காரங்கதானே?"

நான் உன் துப்பட்டாவைப் பிடித்து வெளியே இழுத்தேன். ஆட்டோவில், "ஒரு வார்த்தைதானே, விடேன்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். பாதி வழியில், "உன்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லல்ல?" என்றாய். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் நீ என்னைத் தள்ளி வைக்கவில்லை. ஆங்கிலப் பேப்பரில் ஏதாவது ஒரு நாட்டையோ தலைவரையோ அந்த வார்த்தையால் திட்டியிருந்தால், வட்டம் போட்டு என் கதவிடுக்கில் செருகுவாய். "பாருடி, இன்னிக்கு எங்க ஜாதியில புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்காரு" என்று சிரிப்பாய்.

பழைய புத்தகம் நிரம்பிவிட்டதால் இன்று ஆஸ்பத்திரியில் புது அட்டை போடச் சொன்னார்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். கவுண்டரில் இருந்த பெண் அதே பெயரைத் தட்டினாள். மாற்றச் சொன்னேன்.

"சிஸ்டத்துல வேற ஆப்ஷன் இல்ல ஆன்ட்டி."

பின்னால் பூனைக்கூடையோடு நின்றவர், "ஒரு வார்த்தைதானே மேடம், விடுங்க" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. அது நான் பேசிய பேச்சு. திரும்பி நின்று, அன்று நீ சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண் அட்டையை அச்சடித்து, தன் பேனாவையும் சேர்த்து நீட்டினாள்.

அடுத்த ஊசிக்குப் போகும்போதும் அந்தப் பெயர் அச்சாகித்தான் வரும். வரட்டும். உன் துப்பட்டாவை இழுத்த அதே கையால் அடித்துவிட்டு, முடிச்சூர் என்று எழுதுவேன்.