மாறிப்போகாத வால்வுகள்

பாய்,

உங்கள் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள், உங்கள் வீட்டுக்காரம்மா ஒரு பிஸ்கட் டப்பாவை நம் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "கட்டிலுக்கடியில கெடந்துச்சு. பட்டறை சாமான் போல, நீங்களே வச்சுக்குங்க" என்றார். திறந்ததும் பழைய டீசல் வாடை. எண்ணெய்த் துணியில் சுற்றி எட்டு வால்வுகள். ஒவ்வொன்றின் தலையிலும் நீங்கள் குத்திய புள்ளிகள், ஒன்றிலிருந்து எட்டு வரை.

அந்த அறுப்பு மெஷினின் வால்வுகள்தான். பார்த்ததும் தெரிந்தது.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய சம்பா அறுப்பு. அந்த மெஷினின் இன்ஜின் ஹெட்டில், வால்வு வந்து உட்காரும் வளையமான சீட்டைப் புதிதாக இறக்கியிருந்தோம், கையால் தேய்த்துப் படியவைக்க முடியாத கடினமான சீட்டு. தஞ்சாவூருக்கு அனுப்பிக் கடைசல் மெஷினில் அதன் முகத்தை வெட்டி வாங்கிவர வேண்டும். நான் வேளாங்கண்ணி போயிருந்த அன்று நீங்கள்தான் பட்டறையில். திரும்பி வந்தபோது வால்வுகளைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து முடித்திருந்தீர்கள். "சீட்டு வெட்டியாச்சு அந்தோணி, கழுவி மாட்டு" என்றீர்கள். கழுவினேன், மாட்டினேன்.

மன்னார்குடிக்குத் தெற்கே, பாதி வயலில் மெஷின் மூச்சடங்கி நின்றுபோனது. மறுநாள் மழை. சாய்ந்த கதிர் தண்ணீரிலேயே முளைத்தது. அந்த வயல்காரர் பட்டறை வாசலில் நின்று அழுதார், வைதிருந்தால் தாங்கியிருப்பேன். ஹெட்டை நீங்கள் தனியாகப் பிரித்தீர்கள். கையைத் துடைத்துக்கொண்டே, "கழுவுறப்ப வால்வ மாத்திட்டான்" என்று அவரிடம் சொன்னீர்கள். ஒரு சீட்டில் தேய்த்த வால்வு வேறு சீட்டில் உட்காராது. அது எனக்கும் தெரியும், புள்ளியைத் தப்பாக எண்ணி மாட்டியிருப்பேன் என்று நம்பினேன். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் ஹெட் வேலை கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கிளட்ச், பிரேக், ஆயில். என்னை நல்ல மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டு திரிந்த மாமனார் கூட வாயை மூடிக்கொண்டார்.

இப்போது இந்த வால்வுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். சீட்டில் உட்காரும் முகத்தில், எட்டிலும் நகம் இறங்குகிற அளவுக்குத் தேய்ந்த பள்ளம். மாறிப்போன வால்வில் இது விழாது. சீட்டை வெட்டக் கொடுக்காமல், வெறும் பேஸ்ட்டிலேயே தேய்த்து உட்காரவைக்கப் பார்த்திருக்கிறீர்கள். "சீட்டு தேயாதுடா, வால்வுதான் தேயும்" என்று எத்தனை தடவை என்னிடமே சொன்னவர் நீங்கள்.

அவசரப்பட்டதை மன்னிப்பேன். வயல்காரர் தலைமேல் நின்றிருப்பார், யாருக்கும் கை தடுமாறும். ஆனால் இதைத் தூக்கி எறியாமல் துணி சுற்றி வைத்தீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. பதினோரு வருஷம் தினமும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தோம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாய்.

அந்த அறுப்பு கெட்ட நாளிலிருந்து எனக்கொரு பழக்கம். எதைக் கழட்டினாலும் வாய்விட்டு எண்ணுவேன், மாற்றிவிட்டேன் என்று இனி ஒருவரும் சொல்லக் கூடாது என்று. நீங்களே அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறீர்கள்.

உங்கள் கபரில் மூன்று பிடி மண் போட்டபோதும் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அப்போது இந்த டப்பாவைப் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தாலும் எண்ணித்தான் போட்டிருப்பேன்.