மொட்டை மாடிக்குப் போன பெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டாயிற்று. இனி திட்டப்போகிறேன், உட்கார்ந்து படி.

கோதுமை போய்விட்டது. மேட்டு வயலில் பாதி தேறலாம். ஓடையோர வயலில் ஒன்றுமில்லை. இலையெல்லாம் மஞ்சள் துரு நோய். உன் மாமா உள்ளே போய் வந்தால் கால்சட்டையில் முழங்கால் வரை மஞ்சள் பொடி. மூன்று தண்ணீர் மாற்றி அலசினாலும் போகமாட்டேன் என்கிறது. கதிரைக் கசக்கினால் சூம்பிப்போன மணிதான் வருகிறது.

கதிர் வெளிவரும் நேரத்தில் ஒரு வாரம் விடாமல் மூடுபனி. பத்து மணி வரை இலையில் ஈரம் காயவில்லை, குளிரும் விடவில்லை. இந்த நோய்க்கு வேறென்ன வேண்டும்? மாமா தெளிப்பானைக் கழுவித் தயாராக வைத்துவிட்டார். ஆனால் மச்சினன் வானிலை அலுவலகத்தில் இருக்கிறான் என்ற பெருமை, உன்னைக் கேட்காமல் செய்வாரா? போன் பண்ணினார். "நம்ம ஊர்ப் பெட்டி இங்க அனுப்புற கணக்குல ஈரமே காட்டல மாமா. வீணா மருந்து அடிக்காதீங்க" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் தெளிப்பானை இறக்கி வைத்தார். அக்கம்பக்கத்து ஏழு வீட்டுக்காரர்களையும் தடுத்தார்.

போன வாரம் இங்கிருக்கும் உன் பழைய அலுவலகத்துக்குப் போனேன். ஓடையோரம் இருந்த ஈரம் அளக்கும் பெட்டியைக் காணவில்லை. காவலாளியைக் கேட்டேன். எலி கம்பியைக் கடிக்கிறது, சேற்றில் போய்ப் போய்ச் சரிபண்ண முடியவில்லை என்று, மாற்றலாகிப் போகும் முன் நீயே அதை மொட்டை மாடியில் கட்டிவைத்தாயாம். துணி காயப்போடுகிற இடமடா அது. அங்கே ஈரம் எப்படித் தங்கும்?

எலிக்குப் பயந்தாய், போகட்டும். நோய் வந்த பிறகும் வாயைத் திறக்கவில்லையே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாமா பேச்சைக் கேட்டு மருந்தடிக்காமல் விட்ட கீழ்வயல்காரர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். உன் மாமா தலை நிமிரவில்லை. நீ சரியாகத்தான் சொல்லியிருப்பாய், தனக்குத்தான் காதில் தப்பாக விழுந்திருக்கும் என்கிறார். காது டாக்டரிடம்கூடப் போய் வந்தார். காதில் கோளாறே இல்லை என்று டாக்டர் சொன்னதையும் நம்பவில்லை. உன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பெட்டி விஷயத்தை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏழு வீட்டுக்காரர்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். எதற்கென்று அவருக்கே தெரியாது. வேலைக்கு ஆபத்து வருமோ என்று நீ பயப்படுவாய். எனக்கும் பயம்தான். இருந்தாலும் வந்து, எல்லார் முன்னாலும் உன் வாயால் சொல்லு. நீ வராவிட்டால் நான் சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் இந்த வீட்டில் உன் பெயரை எடுக்க முடியாது.

நீ நன்றாக இருக்க வேண்டும். எனக்கிருப்பது ஒரே தம்பி. என்னைச் சொல்ல வைக்காதே.

உன் அக்கா