நாலாம் அடுக்கு

செப்டம்பர் 9

அப்பாவின் மாத்திரை வாங்கப் போனேன். வெறுங்கையோடு வந்தேன். மருந்துக்கடைப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே, "உங்க காப்பீட்டுல இது நாலாம் அடுக்குக்குப் போயிடுச்சும்மா" என்றாள். அடுக்கு ஏற ஏற நாங்கள் கட்டும் பங்கும் ஏறும். போன மாதம்வரை இரண்டாம் அடுக்கு, எங்கள் பங்கு பதினைந்து டாலர். இப்போது முந்நூற்று நாற்பது. மாத்திரை அதே மாத்திரைதான்.

"இல்லைன்னா முதல் அடுக்குல இருக்கிற மலிவானதைச் சாப்பிட்டுப் பாக்கட்டும். அது சரிப்படலைன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா, பழையதைப் பழைய விலைக்கே தருவாங்க."

சரிப்படலைன்னா என்ன என்று கேட்க நினைத்தேன். பின்னால் வரிசை நின்றது, கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். சரிப்படவில்லை என்றால் அப்பாவுக்கு வலிப்பு வரும்.

செப்டம்பர் 10

மலிவானதே போதும் என்றுவிட்டார் அப்பா. ஒன்பது வருஷமாக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. அதனால்தான் ஜன்னல் செய்யும் ஆலையில் அவரைச் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட விட்டிருக்கிறார்கள். "ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்யுது குட்டி" என்றார்.

அப்படியென்றால் விலை மட்டும் ஏன் வேறு?

செப்டம்பர் 17

ஆலை தருகிற இந்தக் காப்பீட்டைத் தேர்ந்தெடுத்தது யார் என்று தெரிந்துவிட்டது. ஹால்வர்சன், ஆலையின் பணியாளர் அதிகாரி. தினமும் காலையில் நான் வேலை பார்க்கும் டோனட் கடைக்கு வருகிற அதே ஹால்வர்சன். மேப்பிள் பாகு பூசிய டோனட் ஒன்று, பெரிய காப்பி ஒன்று. ஒரு வருஷமாக நான்தான் ஊற்றித் தருகிறேன்.

"மூணு நாலு திட்டம் பாத்திருக்கார். இதுலதான் கம்பெனிக்குச் செலவு கம்மியாம். கெட்ட ஆள் இல்ல" என்றார் அப்பா. அப்பாவுக்கு யாருமே கெட்ட ஆள் இல்லை. அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோதும் இதையேதான் சொன்னார்.

செப்டம்பர் 18

இன்று ஹால்வர்சனுக்குக் காஃபின் நீக்கிய காப்பியை ஊற்றினேன்.

செப்டம்பர் 19

இன்றும். கூடவே நேற்றைய டோனட். காய்ந்த பக்கத்தைக் காகிதத்துக்குள் திருப்பி வைத்தேன்.

செப்டம்பர் 30

காஃபின் இல்லாமல் அவருக்குத் தலை வெடிக்க வேண்டும், மேஜையிலேயே தூங்கி வழிய வேண்டும் என்று காத்திருந்தேன். இன்று அவர் கடை முதலாளியம்மா லொரெய்னிடம் சொல்கிறார்: "என்ன மாயமோ தெரியல, இப்பல்லாம் ராத்திரி படுத்தா பச்சக்குழந்தை மாதிரி தூங்குறேன்."

"சம்பளம் வாங்கிட்டு பகல்ல தூங்குறது போதாதா உமக்கு?" என்றாள் லொரெய்ன். ஹோ ஹோவென்று சிரித்துவிட்டு எனக்கு இரண்டு டாலர் வைத்துவிட்டுப் போனார். நன்றி சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். வாய் கசந்தது.

நாளையிலிருந்து மறுபடி நல்ல காப்பி. தூங்க விடக்கூடாது.

அக்டோபர் 12

அப்பா சாப்பிட்டுக்கொண்டே நின்றுபோனார். கரண்டி வாய்க்குப் பக்கத்தில். கண் திறந்திருந்தது, அதில் அவர் இல்லை. உதடு மட்டும் எதையோ மென்றது. கூப்பிட்டேன், கூப்பிட்டேன். சூப் மடியில் வழிந்தது. பிறகு சாதாரணமாக, "என்ன சொன்னே?" என்கிறார்.

"டாக்டர்கிட்ட சொல்லிடலாம்ப்பா. இதைத்தானே சரிப்படலைங்கறாங்க? சொன்னா பழைய மாத்திரை கிடைச்சிடும்."

"சொன்னா வண்டி ஓட்டுற வேலை போயிடும். மூட்டை கட்டுற எடத்துக்குத் தள்ளிடுவான், அந்தச் சம்பளத்துல வாடகைகூட தேறாது. யார்கிட்டயும் மூச்சு விடாதே. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

விழுந்தாத்தான் மருந்து தருவானுங்களாம். விழுந்தா வேலை போயிடுமாம். எவன் உக்காந்து யோசிச்சான் இதை? அவன் வீட்டுல யாருக்கும் எதுவுமே வந்ததில்லையா? வரட்டும். வந்து, அவனும் அந்த வரிசையில நிக்கட்டும். அடுக்கு அடுக்கா ஏறட்டும்.

அக்டோபர் 20

ஹால்வர்சன் கிறிஸ்துமஸுக்கு வெயில் காய புளோரிடா போகிறாராம். அங்கே நாள் முழுக்க மழை பெய்யட்டும்.

அக்டோபர் 29

அப்பாவுக்கு வண்டியில் அப்படி வந்தால்? ஆளுயரக் கண்ணாடிகளுக்கு நடுவில்? கேட்டேன். "வராது" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

நவம்பர் 5

நாளை ஆலையில் அடுத்த வருஷத்துக் காப்பீட்டை விளக்கும் கூட்டம். வருஷா வருஷம் டோனட் வாங்கி வைத்துவிட்டுத்தான் இந்தக் கூட்டம் நடக்கும், வாயில் இனிப்பு இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. லொரெய்னுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பெட்டிகளை நான் கொண்டுபோக வேண்டும்.

நவம்பர் 6

டோனட் பெட்டிகளை வைத்துவிட்டுக் கூட்டம் முடியட்டும் என்று கதவோரம் நின்றேன்.

ஹால்வர்சன் திரையில் அடுக்குகளைக் கலர் கலராகப் போட்டுக் காட்டினார். "யாருக்காவது கேள்வி இருக்கா?" எல்லோரும் தின்றுகொண்டிருந்தார்கள். எழுந்து நின்று நாலு வரி படிக்க முடியாமல் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். ஆனால் என் வாய்தான் பேசியது.

"எனக்கு ஒண்ணு இருக்கு."

"என்னம்மா, டோனட்டுக்கு இன்னும் காசு வரலையா?" சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்க அப்பா மாத்திரைய நாலாம் அடுக்குல வெச்சிட்டீங்க. அது வேணும்னா முதல்ல அவருக்கு வலிப்பு வரணுமாம். போன மாசம் சாப்பிடும்போது ஒரு தடவை வந்தாச்சு. அடுத்தது எங்க வரணும்னு நீங்களே சொல்லிடுங்க சார். வண்டியிலயா, கண்ணாடி அடுக்குற எடத்துலயா?"

சிரிப்பு நின்றது. ஹால்வர்சன் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. எதையோ சொல்ல வாயைத் திறந்தார், வரவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு வராத மாதிரியே. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணை எடுக்க மனமில்லை.

அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஹால்வர்சனைப் பார்க்கவில்லை, வண்டிகளுக்குப் பொறுப்பான மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி அவரைப் பார்த்தார். பிறகு வந்து உள்ளங்கையை நீட்டினார். அப்பா வண்டிச் சாவியைக் கழற்றி அதில் வைத்தார்.

நவம்பர் 7

அப்பா பேசவில்லை.

நவம்பர் 13

காப்பீட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். பழைய மாத்திரை, பழைய விலை. ஹால்வர்சன் ஒரு போன் செய்தாராம், முடிந்துவிட்டதாம். ஒரு போன். செப்டம்பரிலேயே செய்திருக்கலாம்.

அப்பா இன்னும் பேசவில்லை.

நவம்பர் 20

ஹால்வர்சன் இப்போது வேறு கடையில் காப்பி குடிக்கிறார். "நல்ல வாடிக்கையை விரட்டிட்டியே பாவி" என்றாள் லொரெய்ன். திட்டியபடியே சாயங்கால வேலையையும் எனக்கே கொடுத்திருக்கிறாள். வாடகைக்கு ஆகும்.

டிசம்பர் 4

டாக்டர் சொல்லும்வரை அப்பா கார் ஓட்டக்கூடாது. இப்போது அவருக்கு மூட்டை கட்டும் வேலை, நான்தான் ஆலைக்குக் கொண்டுபோய் விடுகிறேன். பழைய மாத்திரைக்கு மாறியபின் ஒரு தடவைகூட அவர் அப்படி நின்றுபோகவில்லை.

அவர் இன்னும் என்னிடம் பேசவில்லை; சத்தியத்தை மீறியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வழியெல்லாம் நினைப்பேன். ஆனால் ஹால்வர்சனின் அந்த வெளுத்த முகம் ஞாபகத்துக்கு வரும், வந்தால் இன்னமும் இனிக்கிறது. அந்த இனிப்போடு எப்படி மன்னிப்புக் கேட்பது?

இன்று ஆலை வாசலில் நிறுத்தினேன். கதவு வழியாக ஃபோர்க்லிஃப்ட் தெரிந்தது, யாரோ ஓட்டிக்கொண்டிருந்தான். சுமையை ரொம்ப உயரத்தில் தூக்கியிருந்தான். அப்பா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு இறங்கினார்.

"மெதுவா போ" என்றார். "ரோட்டுல ஐஸ் இருக்கு."

மெதுவாகத்தான் வந்தேன்.