ஏரிக்குள் நிற்கும் நாற்பத்தொன்று

செப்டம்பர் 28

இன்று நாற்பத்தோராம் எண் டிரான்ஸ்பார்மரைப் படமெடுத்தேன். அதாவது, கொல்லேரு ஏரியின் நடுவில் படகை நிறுத்தச் சொல்லித் தண்ணீரைப் படமெடுத்தேன். ஒரு கூழைக்கடா குறுக்கே நீந்திப் போனது. 'நிலை: நன்று' என்று அழுத்தினேன். 'ஏற்கப்பட்டது' என்றது போன்.

போலய்யா மாமா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அம்மாவின் தம்பி, படகு அவருடையது. "ஏன்டி பேரண்டாலு, கரெண்ட் ஆபீஸ்ல உன்னைப் பறவை எண்ணவா வச்சிருக்காங்க?"

சிரித்து வைத்தேன்.

ஏரித் தீவுகளிலும் கரை ஊர்களிலும் இருக்கும் அறுபத்து நான்கு டிரான்ஸ்பார்மரையும் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துப் படம் அனுப்புவதுதான் வேலை. டிரான்ஸ்பார்மர் கேள்வி கேட்காது. அதனால் பிடித்திருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றதே, எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல்தான்.

நாற்பத்தொன்று உண்மையில் எங்கள் ஊர் சேமலங்காவில், மீனவர் சொசைட்டியின் மீன்குளத்துக் கரையில் நிற்கிறது. பிப்ரவரியில் முதல் முறை பதியப் போனேன். அதன் மேடையில் ஆறு ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போய் நின்று 'இடம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள்தான் — அதனால் இன்னும் மோசம். தூரத்திலிருந்தே படத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் படகேறிவிட்டேன். ஏரி நடுவில்தான் மூச்சு வந்தது. பொத்தானை அங்கே அழுத்தினேன்.

அன்று முதல் அலுவலகக் கணக்கில் நாற்பத்தொன்று ஏரிக்குள் நிற்கிறது. மாதாமாதம் அங்கே போய் நின்று எடுத்தால்தான் போன் ஏற்கிறது. ஏழு தண்ணீர்ப் படங்கள் அனுப்பிவிட்டேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. யாராவது பார்க்கிறார்களா?

அக்டோபர் 3

மத்தியானம் இடி. நாற்பத்தொன்று எரிந்துவிட்டது. கரையிலிருக்கும் நிஜ நாற்பத்தொன்று.

குளத்துத் தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றும் ஏரேட்டர்கள் எட்டும் நின்றுவிட்டன. வானம் மூடிக் கிடக்கிறது, காற்று அசையவில்லை. இப்படிப்பட்ட நாளில் விடியும்போது மீனுக்கு மூச்சு முட்டும். எண்பது வீட்டுக்கும் ஒரே குளம். மீன் போனால் இந்த வருடம் போயிற்று.

அக்டோபர் 4

விடியலில் கட்லா மீன்கள் வாயை வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. ஊரே குளத்தில் இறங்கித் தண்ணீரை அடித்தது. மூங்கில், துடுப்பு, முறம், சோற்றுத் தட்டு. சர்ச் பாஸ்டர் குடையால் அடித்தார். சொசைட்டித் தலைவர் கனகய்யா கரையில் நின்று கத்தினார்: "அங்க என்னடா தடவிக் குடுக்கிற? மீனுக்கு மூச்சு வரணும்டா, தூக்கம் இல்ல!"

எரிந்ததைப் படமெடுத்து அனுப்பினால்தான் புதியது வரும். இந்த முறை மேடைக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். போன் சொன்னது: 'நீங்கள் கருவியிலிருந்து 2.3 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறீர்கள். அருகில் செல்லவும்.'

கையால் தொட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 5

மின்வாரியத்திலிருந்து உதவிப் பொறியாளர், ஏ.ஈ. சுப்பராஜு சார் வந்தார். நல்ல மனிதர். எரிந்ததை மூன்று முறை சுற்றி வந்து பார்த்தார்.

"கண்ணாலயே பாத்துட்டீங்கல்ல சார், எரிஞ்சிருக்கு" என்றார் கனகய்யா.

"எரியலன்னு நான் சொல்லலீங்க. எரிஞ்சது எங்க இருக்குன்னுதான் கேக்குறேன். கணக்குப்படி இந்த இடத்துல டிரான்ஸ்பார்மரே கிடையாது. இல்லாததை எப்படி மாத்தறது?"

"கணக்குல எங்க இருக்கு?"

"ஏரிக்குள்ள. மாசாமாசம் நன்றுன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. இந்த வட்டாரத்துலயே பழுதாகாத டிரான்ஸ்பார்மர் அது ஒண்ணுதான்."

"அப்ப அதைத் தூக்கிட்டு வந்து இங்க வையுங்க சார்!"

சார் ஒரு நிமிடம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

இடத்தைத் திருத்தி எழுதினால் என்ன என்று யாரோ கேட்டார்கள். ஓடுகிற கருவிக்குத்தான் இடம் திருத்த முடியுமாம். எரிந்ததை முதலில் மாற்ற வேண்டும். மாற்ற, கணக்கில் அது இருக்கும் இடத்தில் வைத்து எரிந்ததைப் படமெடுக்க வேண்டும். பழுதுப் படத்தை மட்டும் ஆபீசில் ஆள் பார்ப்பார்களாம், வெறும் தண்ணீர் செல்லாது.

"எல்லாம் இந்த சாட்டிலைட் பண்ற வேலை. அவ்வளவு உயரத்துலேர்ந்து பாத்தா அதுக்கு என்ன தெரியும்?" என்றார் கனகய்யா. எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேடையைச் சுற்றி நாற்பது முகம். கொட்டாவி விட்டது போல மூடிக்கொண்டேன். தவறாகப் பதிந்தால் வேலை போகும் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அதனால் மூடவில்லை. நாற்பது முகத்தால் மூடினேன். இந்த நோட்டிலாவது பொய் எழுத வேண்டாம்.

கடைசியில் லைன்மேன் அப்பாராவ் சொன்னார்: "கணக்கு இங்க வராதுன்னா, டிரான்ஸ்பார்மரைக் கணக்கு இருக்கற இடத்துக்குக் கொண்டு போயிடலாம்."

யாரும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 6

மூன்று நாளாகத் தண்ணீரை அடித்துக் கை தூக்க முடியவில்லை. அம்மா சோறு ஊட்டிவிட்டாள். அவள் கையும் நடுங்கியது. பாதிச் சோறு மூக்கில்.

அக்டோபர் 7

போனது.

மாமாவின் படகையும் இன்னொன்றையும் பக்கம்பக்கமாக வைத்துக் கட்டி, மேலே பலகை போட்டார்கள். எட்டு பேர் சேர்ந்து டிரான்ஸ்பார்மரை ஏற்றினார்கள். கனகய்யா தேங்காய் உடைத்தார். கரையில் பெண்கள் குலவையிட்டார்கள், பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி. தண்ணீர் படகு விளிம்புக்கு நான்கு விரல் கீழே நின்றது.

"யாரும் தும்மாதீங்க" என்றார் மாமா.

போனைப் பார்த்து நான் வழி சொல்ல வேண்டியிருந்தது. எண்ணூறு மீட்டர். முந்நூறு. "இன்னும் இடது பக்கம்" — என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அந்த இடம் வந்ததும் எடுத்தேன். 'நிலை: எரிந்தது. மாற்ற வேண்டும்.' 'ஏற்கப்பட்டது.' படகில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். படகு ஆடியது. உடனே நிறுத்தினார்கள்.

திரும்பும்போது மாமா என்னைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட்டார். மாதாமாதம் இங்கே நிறுத்தியவர் அல்லவா? "இந்த இடம் எனக்கு நல்லாத் தெரியும்டி" என்றார். அவ்வளவுதான். மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 8

விடியலில் மேற்கு மூலையில் வெள்ளையாக மிதந்தன. கட்லா, ரோகு, எல்லாம். எண்ண ஆரம்பித்த கனகய்யா பாதியில் விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தார். யாரையும் திட்டவில்லை. அவர் திட்டாதது பயமாக இருந்தது.

இன்னும் முக்கால்வாசி உயிரோடு இருக்கின்றன. அடித்தோம். சாயங்காலமும் அடித்தோம்.

அக்டோபர் 9

புதியது வந்தது. வந்ததும் சண்டை.

லாரி டிரைவருக்குக் கொடுத்த தாளில் இறக்க வேண்டிய இடம் ஏரி. "அங்க நின்னு கையெழுத்துப் போட்டாத்தான் என் போன்ல வேலை முடியும். இங்க இறக்கினா நான் இன்னும் வழியிலேயே இருக்கற மாதிரி காட்டும்" என்றார்.

"காட்டட்டுமே, வழியிலேயே இருங்க. டிரான்ஸ்பார்மரை மட்டும் இறக்குங்க!" என்றார் அப்பாராவ்.

கடைசியில் மாமா டிரைவரை மட்டும் படகில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த மனிதருக்கு நீச்சல் தெரியாதாம். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாராம்.

மூன்று மணிக்குக் கரெண்ட். எட்டு ஏரேட்டரும் சுற்றின. கனகய்யா உடம்பில் இருந்த சட்டையோடு குளத்தில் குதித்தார்.

அக்டோபர் 12

சொல்லிவிட்டேன்.

சொசைட்டிக் கூட்டத்தில் பின்னாலிருந்து எழுந்து நின்றேன். பிப்ரவரி, சீட்டாட்டம், படகு, பொத்தான் — எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்தேன். பிறகு சிரிப்பு.

"போம்மா! இலையில உக்கார்ற ஈயை ஓட்டக் கூச்சப்படற பொண்ணு நீ. டிரான்ஸ்பார்மரை ஏரியில போட்டியாக்கும்?" என்றார் கனகய்யா. "சாட்டிலைட் பண்ணின தப்பை எதுக்கும்மா உன் தலையில போட்டுக்கற? நல்ல மனசு. உக்காரு."

உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். வாழ்க்கையில் முதல் முறை நாலு பேர் முன்னால் பேசினேன். ஒருவரும் நம்பவில்லை.

அக்டோபர் 28

கணக்கில் நாற்பத்தொன்று இன்னும் ஏரிக்குள்தான். இந்தப் புதியதும் ஒருநாள் எரியும். அப்போதும் படகா?

இப்போது அது ஓடுகிற கருவி, இடம் திருத்தலாம். காலையில் சுப்பராஜு சாருக்கு நானே போன் செய்தேன். "காரணம் கேக்கும்மா. சாட்டிலைட் பிழைன்னு ஒண்ணு இருக்கு, அதை அழுத்திடு. யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றார்.

ஏரி நடுவில் படகை நிறுத்தச் சொன்னேன். காரணங்கள் வந்தன. வெள்ளம், புயல், சாலைப் பணி, செயற்கைக்கோள் பிழை, பிற. விரல் நான்காவதன் மேல் வெகுநேரம் நின்றது. எண்பது வீடு நம்புகிற காரணம். ஐந்தாவதை அழுத்தினால் வேலை போகலாம்.

'பிற' அழுத்தினேன். எழுதினேன்: 'இங்கே டிரான்ஸ்பார்மர் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. பதிந்தவள் கூச்சப்பட்டுத் தவறான இடத்தில் பொத்தானை அழுத்தினாள். பேரண்டாலு.'

அனுப்பினால் போகவில்லை. 'பழுதின் படத்தை இணைக்கவும்' என்றது. மறுபடி அனுப்பினேன். மறுபடி அதே. பழுதைக் காட்டாமல் பழுது என்று சொல்ல முடியாதாம்.

போனைத் திருப்பி என் முகத்தைப் படமெடுத்தேன். கண் பாதி மூடியிருந்தது. பின்னால் ஏரி.

'ஏற்கப்பட்டது.'

மாமா படகைத் திருப்பினார்.

அக்டோபர் 31

அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கணக்கில் நாற்பத்தொன்று கரைக்கு வந்துவிட்டது. கீழே பழுதின் படமாக என் முகம், அதற்குக் கீழே இப்படி:

'நேரில் அறிந்து சான்றளிப்பவர்: சுப்பராஜு, ஏ.ஈ. பழுதின் அளவு: சிறியது. இருக்கும் இடத்திலேயே சரியாகிவிட்டது. மாற்றத் தேவையில்லை.'