சின்னவர் போட்ட பந்து

மே மாதம், ஞாயிறு

இன்று எஸ்டேட் மைதானத்தில் எங்கள் ஆபீஸ் அணிக்கும் முதலாளி மகன் சின்னவரின் அணிக்கும் கிரிக்கெட் ஆட்டம். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான நான் தொண்ணூறு ரன்னைத் தாண்டியிருந்தேன். இடைவேளையில் மேனேஜர் பக்கத்தில் வந்தார்.

“ரைட்டரே, சின்னவருக்கு இன்னும் ஒரு விக்கெட்கூட வுழுகலீங்க. ஒரு கேட்ச் குடுத்துருங்க.”

“பந்து நல்லா வந்தா நானே அவுட்டாயிருவனுங்க,” என்றேன்.

சின்னவரின் அடுத்த பந்து சரியாக விழவில்லை. காப்பித் தோட்டத்துக்குள் தூக்கி அடித்தேன். கொஞ்ச நேரத்தில் சதமும் அடித்தேன்.

மாலையே என்னை மாரமங்கலம் எஸ்டேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

“ஏனுங்க, அவுட்டாயிருந்தா ஊடு மிஞ்சியிருக்குமில்லீங்க?” என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

“மிஞ்சியிருக்கும். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு பேட்டைத் தொடறது?”

அவள் பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினாள். பிள்ளைகளின் பள்ளிக்கு என்ன வழி என்று எனக்கும் தெரியவில்லை.

ஆட்டம் பார்க்க வந்திருந்த சேலம் கிளப் கேப்டன், ஊர் திரும்பும் முன் வீட்டுக்கு வந்தார். அடுத்த ஞாயிறு சின்னவர் அணியோடு அவர்களுக்கு ஆட்டமாம்.

“எங்களுக்கு ஆடறீங்களா?” என்றார்.

எத்தனையாவதாக பேட் பிடிக்க இறங்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.