ஒன்பதாம் வகுப்புக்குப் போறேன், ஜீனத்து

என் டிபன் பாக்ஸில் பாதியை உரிமையோடு தின்ற என் தங்கச்சி ஜீனத்துக்கு,

பாஸாயிட்டேன்டி. முதல்ல அதைச் சொல்லிடுறேன், மத்ததெல்லாம் அப்புறம். ரிசல்ட்டை செல்போன்ல பார்த்தது உங்க அண்ணன், அதான் என் வீட்டுக்காரரு. எனக்குக் கண்ணாடி போட்டும் எழுத்து ஆடுது. "ஏ, பாஸுன்னு போட்டிருக்குடி"ன்னார். "நல்லாப் பாருங்க, வேற யாரோடதாவது இருக்கப் போகுது"ன்னேன். "சகாயமேரின்னு பேரை வச்சுக்கிட்டு இந்த வயசுல பி.எட். எழுதுறவ இந்த ஊர்ல இன்னொருத்தி இருக்காளா?"ன்னு கேட்டாரு. அதுவும் நியாயந்தான். அப்படியே அடுப்படியில உட்கார்ந்துட்டேன். அழுகை வரும்னு பார்த்தேன், வரலை. பெருமூச்சு ஒண்ணுதான் வந்துச்சு. அப்புறம் பசிச்சுச்சு. நல்லாத் தின்னேன்.

இந்தக் கடிதத்தை உன்னைத் தெரியாதவங்களும் படிப்பாங்க. அதனால நம்ம கதையைக் கொஞ்சம் சொல்லிக்கிறேன், பொறுத்துக்க.

நீயும் நானும் திண்டுக்கல்ல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தவங்க. உனக்கு ரெண்டாம் வகுப்பு, எனக்கு மூணாம் வகுப்பு. ரெண்டு பேரும் தாவரவியல் பட்டம் வாங்கி, ஆசிரியர் பயிற்சி டிப்ளமாவும் முடிச்சவங்க. ஆனா பெரிய வகுப்புக்குப் போகணும்னா பி.எட். வேணும். பெரிய வகுப்பெல்லாம் மாடியில. ஒவ்வொரு ஜூன் மாசமும் நம்மளைவிட வயசு குறைஞ்ச பொண்ணு ஒருத்தி புதுசா வருவா, நம்மகிட்டயே வழி கேட்டுட்டு மாடிப்படி ஏறிப் போவா. நாம கீழ உட்கார்ந்து மூக்கு சிந்தி விட்டுக்கிட்டு இருப்போம், பிள்ளைங்களுக்கு.

"அக்கா, நாமளும் ஏறிரலாம்"னு ஆரம்பிச்சது நீதான். வேலையை விடாம படிக்கிற மாதிரி தொலைநிலையில பி.எட். இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டு வந்ததும் நீதான். "இம்புட்டு வயசுல எனக்கு எதுக்குடி"ன்னேன். "மூணாம் வாய்ப்பாட்டை இன்னும் எத்தனை வருஷம் சொல்லிக்கிட்டுத் திரிவ?"ன்னு கேட்ட. சுருக்குன்னு இருந்துச்சு. சேர்ந்துட்டேன்.

சனி, ஞாயிறு வகுப்பு. வாரம் பூரா வேலை பார்த்துட்டு, லீவு நாள்லயும் போய் பெஞ்சுல உட்காரணும். நீ உட்கார்ந்தபடியே தூங்குவ. கையில பேனா எழுதுற மாதிரியே நிக்கும், கண்ணு மட்டும் சொருகியிருக்கும். நோட்டுல பாதி வரிக்கு மேல கோழி கிளறுன மாதிரி இருக்கும். திங்கக்கிழமை என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவ. ஆனா மார்க்கு மட்டும் என்னைவிட கூட வாங்குவ. அதை நான் இன்னும் மன்னிக்கலை.

முதல் வருஷப் பரீட்சை முடிஞ்ச கையோட காய்ச்சல்னு லீவு போட்ட. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அங்கிருந்து நீ திரும்பி வரலை. என்னத்தைச் சொல்ல? துக்கத்துல படிச்சேன்னு சொன்னா பொய். கோவத்துலதான் படிச்சேன். இழுத்து விட்டவளும் நீ, நடுவுல கையை விட்டவளும் நீ. புத்தகத்தைத் திறந்தாலே உன்னைத் திட்டணும் போல இருக்கும். திட்டிக்கிட்டேதான் ரெண்டாம் வருஷத்தை முடிச்சேன்.

கடைசியில மிஞ்சுனது ஒரு வகுப்பு. வெளியூர்ல இருந்து ஒரு தேர்வாளர் வந்து பின்னாடி உட்காருவாங்க, நாம ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக் காட்டணும். அதுல தேறுனாத்தான் எல்லாம். நம்ம பள்ளிக்கூடத்துல மாடியில அறிவியல் எடுக்கிற டீச்சர் கல்யாணமாகிப் போறாங்க. "பாஸானா அந்த இடம் உங்களுக்கு. இல்லைன்னா வெளிய இருந்து ஆள் எடுத்துருவோம்"னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க. இதை விட்டா இந்தச் சென்மத்துல மூணாம் வகுப்புதான்னு எனக்குத் தெரியும்.

பயிற்சிக்கு எனக்கு எந்தப் பள்ளிக்கூடம் விழுந்துச்சு தெரியுமா? பேகம்பூர்ல உங்க வீட்டுக்கிட்ட இருக்கிற பெண்கள் பள்ளி. உன் மக ஷிஃபா ஒன்பதாம் வகுப்பு 'ஏ' பிரிவு. நான் கெஞ்சிக் கேட்டு 'பி' பிரிவை வாங்குனேன். ஏன்னு உனக்குச் சொல்லணுமா? நீ போனதுல இருந்து உங்க வீட்டுல உன் பேச்சு வந்தா ஒரு வார்த்தையோட முடிச்சுக்குவாங்க. அதுக்கு மேல போனா ஷிஃபா வாடிருவாளோன்னு பயம். நான் குழம்பு, பொரியல்னு வெஞ்சனம் ஏதாவது எடுத்துட்டுப் போனா, அவ ஸ்கூல் கதை, பூனைக்குட்டி கதை எல்லாம் சொல்லுவா. உன் பேரை நானும் சொல்ல மாட்டேன், அவளும் சொல்ல மாட்டா. அவளை எதிர்ல வச்சுக்கிட்டுப் பரீட்சை குடுக்கிற தைரியம் எனக்கு இல்லை.

பயிற்சியோட முதல் நாள் நான் அடிச்ச கூத்தைக் கேளு. வகுப்பு ஒரே சத்தம். பழக்கதோஷத்துல, "எல்லாரும் வாயில விரல் வைங்க பார்ப்போம்"னு சொல்லிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க! என்னை ஏற இறங்கப் பார்த்தாளுக. கடைசி பெஞ்சுல ஒருத்தி மட்டும் பாவம்னு வச்சா. நீ இருந்திருந்தா இதை வச்சு ஒரு மாசம் ஓட்டியிருப்ப.

பரீட்சைக்கு எனக்கு வந்த பாடம், செடியில தண்ணி எப்படி மேல ஏறுதுன்னு. சைலம். உங்க அண்ணனுக்குத்தான் நிலக்கோட்டையில இருந்து பூ வேன் ஓட்டுற வேலையாச்சே, தண்டோட வெள்ளைச் சம்பங்கி கேட்டேன். கொண்டாந்து குடுத்துட்டு, நான் அதை நீல மைத் தண்ணியில சொருகுனதைப் பார்த்துட்டு, "மார்க்கெட்டுல லேசா நிறம் மங்குனாலே தூக்கிப் போடுறான், நீ சாயம் ஏத்துறியா"ன்னு தலையில கை வச்சாரு. ஆனா மை அழகா ஏறிருச்சு. பூவோட இதழ் ஓரமெல்லாம் நீலம். எனக்கே பெருமையா இருந்துச்சு.

அன்னைக்குப் பூவைத் தூக்கிட்டுப் போனா, "பி பிரிவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க டீச்சர், நீங்க ஏ பிரிவுல எடுங்க"ன்னாங்க. வேற வழியில்லாம பூவோட உள்ள போனேன். ஜன்னலோரமா மூணாவது பெஞ்சுல உன் மக. அதே நெத்தி, அதே முழி. பின்னாடி தேர்வாளர், வேலூர்ப் பக்கத்து அம்மா, மூக்குக் கண்ணாடியை மேல தள்ளிட்டு உட்கார்ந்தாச்சு.

சைலக் குழாயில இருக்கிறது இறந்து போன செல்கள். பாடத்திட்டத்துல நான் 'உயிரற்ற செல்கள்'னு நாகரிகமா எழுதி வச்சிருந்தேன். பேச்சுத் தமிழ் கலக்கக் கூடாதுன்னு வகுப்புல அம்புட்டு தடவை சொல்லியிருந்தாங்க. ஆனா பயத்துல நாக்கு நம்ம ஊருக்கு வந்துருச்சு. "இந்தக் குழாய்ல இருக்கிறதெல்லாம் செத்த செல்லு"ன்னு சொல்லிட்டேன். சொன்ன நிமிஷமே கண்ணு ஷிஃபாகிட்ட போச்சு. அவசரமா வேற பக்கம் திரும்பி, ரெண்டாவது பெஞ்சுப் பொண்ணை எழுப்பி, "எங்க சொல்லு, சைலக் குழாய் எப்படிப்பட்ட செல்களால ஆனது?"ன்னு கேட்டேன்.

அவ தைரியமா, "செத்த நேரம் மட்டும் இருக்கிற செல்லு மிஸ்"ன்னா.

வகுப்பே ஆமாம்னு தலையாட்டுது. அவளைக் குத்தம் சொல்ல முடியுமா? நம்ம ஊர்ல 'செத்த இரு'ன்னா யாரும் சாகவா போறாங்க? கொஞ்ச நேரம் இருன்னுதானே அர்த்தம்? சரின்னு மாத்தி, "அப்படி இல்லம்மா, உயிரற்ற செல்கள்"னேன். பக்கத்துல இருந்தவ, "கல்லு மாதிரியா மிஸ்?"ன்னா. அட கடவுளே. உயிருள்ளவை, உயிரற்றவைன்னு கல்லையும் நாற்காலியையும் காட்டிக் காட்டிச் சொல்லிக் குடுத்ததே நம்மதானடி! அந்தப் பாடம் இப்ப என் முன்னாலேயே வந்து நிக்குது.

இனி நேராச் சொல்லியே ஆகணும். செத்துப் போனதுன்னு. உன் மக முகத்துக்கு நேரா. வாய் வரலை ஜீனத்து. பின்னாடி அந்தம்மா பேனாவை எடுக்கிறாங்க. அவ்வளவுதான், மாடியும் போச்சு, எல்லாம் போச்சுன்னு நினைச்சேன்.

ஷிஃபா எந்திரிச்சா. "கல்லுக்கு உயிரே இருந்ததில்லையே மிஸ். இது உயிரோட இருந்து செத்துப் போனது. எங்க வீட்டுல மௌத்துன்னு சொல்வாங்க. அதானே?"ன்னா. குரல் கொஞ்சம்கூட ஆடலை. நான் தலையாட்டுனேன். அவ உட்காரலை. "செத்துப் போச்சுன்னா அப்புறம் எப்படி மிஸ் தண்ணி ஏறும்?"

அது கேள்வி. உருப்படியான கேள்வி. கேள்வின்னு ஒண்ணு வந்துட்டா நமக்குப் பயம் தெரியாதுல்ல? "செத்துப் போனதாலதான் ஏறுது"ன்னு ஆரம்பிச்சேன். உயிரோட இருந்தப்ப உள்ள எல்லாம் நிறைஞ்சு கிடந்துச்சு, செத்ததும் உள்ள காலியாயிருச்சு, சுவர் மட்டும் கெட்டியா நிக்குது, அதான் தண்ணிக்கு வழின்னு சொல்லி, சம்பங்கித் தண்டைக் குறுக்க வெட்டிக் காட்டுனேன். நீலப் புள்ளி புள்ளியா தெரிஞ்சுச்சு. எல்லாம் எந்திரிச்சு வந்து மேசையைச் சுத்தி மொய்ச்சிருச்சுக. யார் வாயிலயும் விரல் இல்லை. சத்தம்னா சத்தம், அப்படி ஒரு சத்தம்.

இதை வச்சு உன்னை அந்தச் செல்லோட ஒப்பிட்டு உருக்கமா நாலு வரி எழுதுவேன்னு எதிர்பார்க்காத. நீயே சிரிப்ப. நீ செத்தது செத்ததுதான், அதுல யாருக்கும் ஒரு லாபமும் இல்லை.

வகுப்பு முடிஞ்சதும் தேர்வாளர் கூப்பிட்டுக் கேட்டாங்க. "உயிரற்றது, இறந்தது, இந்த வித்தியாசத்தைப் பாடத்திட்டத்துல எழுதலையே?"ன்னு. "பிள்ளைங்க கேட்டப்பதாங்க மேடம் எனக்கே தெரிஞ்சுச்சு"ன்னு உள்ளதைச் சொன்னேன். "செத்த நேரம்னா என்ன?"ன்னாங்க. சொன்னேன். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை, என்னமோ எழுதுனாங்க. நான் ஃபெயில்னே முடிவு பண்ணிட்டு வெளிய வந்தேன்.

குழாயடியில ஷிஃபா நின்னா. வகுப்புல மிஸ்ஸுன்னு கூப்பிட்டவ, "பெரியம்மா"ன்னா.

"ரொம்பப் பயந்துட்டீங்களா?"

"ஆமாடி. உனக்காகத்தான்."

"எனக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் தண்ணி பாட்டிலை மூடி மூடித் திறந்தா. அப்புறம் கேட்டா, "இன்னைக்கு அம்மா பாடம் எடுத்திருந்தா பாஸாயிருப்பாங்களா?"

என்ன பதில் சொல்லுவ நீ? நான் உண்மையைச் சொன்னேன். "உங்கம்மா போர்டுல எழுதுனா வரி மலையேறும். பாதி வகுப்புல பாடத்தை விட்டுட்டு வேற கதைக்குப் போயிருவா. தேர்வாளரையே சிரிக்க வச்சு என்னைவிட நாலு மார்க்கு கூட வாங்கியிருப்பா, திருட்டுக் கழுதை."

ஷிஃபா சிரிச்சா. சிரிக்கும்போதே கண்ணுல தண்ணி முட்டிருச்சு, ஆனாலும் சிரிப்பை நிறுத்தலை. சனிக்கிழமை வகுப்புல நீ தூங்குற லட்சணத்தைச் சொன்னேன், நடிச்சும் காட்டுனேன். "நிஜமாவா? நிஜமாவா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் மெதுவாச் சொன்னா: "வீட்டுல எல்லாரும் அம்மா நல்லவங்க, நல்லவங்கன்னு மட்டும்தான் பெரியம்மா சொல்றாங்க. கேட்டுக் கேட்டு எனக்கு அம்மா முகமே மறந்துரும் போல இருக்கு."

ஜூன்ல மாடிக்குப் போறேன். ஹெச்.எம். கை குடுத்தாங்க. ரிசல்ட் வந்த அன்னைக்கு உங்க வீட்டுக்காரரு ஒரு குண்டான் பிரியாணி குடுத்து விட்டாரு, பழையபடி உப்பு கூடத்தான். உன் ரெண்டாம் வகுப்பை எடுக்கிற பொண்ணு நல்லாத்தான் எடுக்கிறா, உன்னளவுக்கு வாய் இல்லை. நெஞ்சுல ஏத்தி வச்சிருந்த பாரம் இறங்குன மாதிரி இருக்கு. அந்தப் பாரம் பரீட்சைன்னுதான் இத்தனை நாளும் நினைச்சிருந்தேன்.

ஒரு வாக்குக் குடுக்கிறேன். ஷிஃபாகிட்ட உன்னை இனிமே முழுசாச் சொல்லுவேன். நீ என் நோட்டைக் காப்பியடிச்சது, ஹெச்.எம். மாதிரி நடந்து காட்டி மாட்டிக்கிட்டது, புது டீச்சர் வந்தா ஒரு வாரம் பொறாமையில பேசாம இருந்தது, என்கிட்ட சண்டை போட்டுட்டு மத்தியானமே டிபனைத் திறந்து பார்த்தது, எல்லாத்தையும். உன் மானம் கொஞ்சம் போகும், பொறுத்துக்க. வெறும் நல்லவளா ஆக்கி உன் மககிட்ட இருந்து உன்னை யாரும் தூரமா வைக்க விடமாட்டேன்.

உனக்கு அக்கா, உன் மகளுக்குப் பெரியம்மா,
சகாயமேரி